பொறுப்பைக் குத்தகைக்கு விடலாமா?

வேலையை மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். அவ்வேலையால் விளையும் தீங்கின் பொறுப்பையும் அவ்வாறே ஒப்படைத்துவிட முடியுமா? ஆளை ஏவி அயலவனின் வேலியை வெட்டுவித்தவன், "கத்தி பிடித்தவன் நானல்லன்" என்று சொன்னால் ஊர் சிரிக்கும். பெரிய நிறுவனங்கள் அதையே ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதிச் சொல்லும்போது மட்டும் நாம் ஏன் வாய்மூடி நிற்கிறோம்?

சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குச் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறும் கிணற்று நீரே உயிர். அங்கே தனியார் கம்பனியொன்று எண்ணெய் எரித்து மின்சாரம் உற்பத்தி செய்தது. இலங்கை மின்சார சபை அதனை ஒப்பந்தப்படி வாங்கியது. கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது. குடிக்க நீரின்றி மக்கள் வீதிக்கு வந்தனர். 2015 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாயிற்று. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு நோதேர்ன் பவர் கம்பனி பொறுப்பாளி என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறியதையும் அது எடுத்துக்காட்டியது.

இது சட்டத்தின் கணக்கு. அறத்தின் கணக்கு இதனோடு முடிவதில்லை. ஆளைத் தேர்ந்தவர், கூலி கொடுத்தவர், பயனைப் பெற்றவர், நிறுத்தும் வலிமை இருந்தும் நிறுத்தாதவர் ஆகிய அனைவரும் அக்கணக்கில் வருவர். மின்சாரத்தை விலைக்கு வாங்கும் சபை, அது எவ்வாறு பிறக்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டதன்றோ?

உற்பத்திக்கு ஆள் அமர்த்துவது போலவே, வழக்காடவும் நிறுவனங்கள் வெளிச் சட்டத்தரணிகளை அமர்த்துகின்றன. பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் வரலாறு இங்கு நமக்குப் பாடமாகிறது. 1999 முதல் 2015 வரை, பிழையான கணினிக் கணக்கை நம்பி, 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது அந்நிறுவனமே. அக்கணினி முறையின் குறைகளை 2019 இல் மேல் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. விசாரணையில் மேலதிகாரிகள் சொன்ன சமாதானங்களுள் ஒன்று, சட்டத்தரணிகளின் ஆலோசனையை நம்பினோம் என்பதாகும்.

சட்டத்தரணி சுதந்திரமான தொழிலர். அவருக்கெனத் தனி ஒழுக்க விதிகள் உண்டு. அவர் செயலுக்கு நிறுவனம் எவ்வாறு பொறுப்பாகும் என்று கேட்பர். வழக்கறிஞரின் துணை எவருக்கும் உரிய உரிமையே. அதனை நாம் மறுக்கவில்லை. அவர் பொய்யுரைத்தால் அக்குற்றம் அவரைச் சாரும் என்பதும் உண்மை. ஆனால் அவரிடம் வழக்கை ஒப்படைத்தது யார்? வெற்றி எவர் கணக்கில் எழுதப்படுகிறது? இருவர் செய்த தீங்கில் பொறுப்பு பாதி பாதியாகப் பிரிவதில்லை; ஒவ்வொருவர் தோளிலும் முழுமையாகவே ஏறுகிறது.

இலாபத்தை மட்டும் தன் பெயரிலும் பாவத்தைப் பிறர் பெயரிலும் பதிந்துகொள்ளும் வித்தையே முதலாளித்துவ ஒப்பந்தங்களின் சூட்சுமம். ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பத்திரங்களைப் படிக்கவும், அவற்றில் பெயர் வராதவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கவும் முன்வருதல் வேண்டும். கிணற்றில் எண்ணெய் கலந்தபின் எழும் கேள்வி, ஒப்பந்தம் கைச்சாத்தாகும் நாளிலேயே எழுதல் வேண்டும்.