வேடம் கட்டியவன் யார்?

மற்றொருவனாக நின்று ஒருவன் செய்யும் செயல் அவனைப் பற்றுமா, அல்லது வேடத்தைக் களைந்த கணத்திலேயே அச்செயலின் வினையும் களைந்து போகுமா என்னும் வினாவை, தத்துவ நூல்களைத் திறந்தறியாத நடுநாட்டுக் கூத்துக் கலைஞர்கள் பல தலைமுறைகளாகத் தம் உடம்பாலேயே விசாரித்து வந்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, முடிவில் படுகளமும் தீமிதியும் நடத்துகின்ற ஊர்கள் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களில் இன்றும் உண்டு. அவற்றில் துகிலுரிதல் ஆடப்படும் இரவு மற்ற இரவுகளைப் போன்றதன்று. துச்சாதன வேடம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கைவைக்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, தாம் செய்யப்போவது வேடத்தின் செயலே, தம்முடையதன்று என அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொள்ளும் வழக்கம் குழுக்கள் பலவற்றில் இருக்கிறது. எதிரே நிற்பவரும் சேலை கட்டிய ஓர் ஆண்மகனே என்பது ஊரறிந்த செய்தி. அறிந்திருந்தும் அச்சம் நீங்குவதில்லை. சில வேளை வேடக்காரருக்கு ஆவேசம் மேலிட்டு, உடனிருப்போர் பிடித்து அமர்த்த நேர்கிறது. வேடம் வெறும் பொய்யாயின் இந்த அச்சத்துக்கு இடமேது? முழு மெய்யாயின் விடிந்ததும் அவர் வேடம் கலைத்து, முகம் கழுவித் தம் கழனிக்குப் போவதெங்ஙனம்?

இக்கிராமங்களுக்கு நடுவேதான் நெய்வேலி நகரியம் எழுந்தது. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1961-இல் சுரங்கத்தில் அந்நிலக்கரி தென்பட்ட பின்னர், பல ஊர்களிலிருந்து வந்த மக்கள் எண்ணிட்ட வட்டங்களில் குடியேறி, அவரவர் ஊர்த் தெய்வங்களையும் பண்டிகைகளையும் தம்முடன் கொண்டுவந்தனர். வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுப்போர் கூட்டமும், ஓங்கி நிற்கும் ஐம்பொன் நடராஜரைத் தரிசிக்க வருவோர் கூட்டமும் அங்கே ஒருங்கு காணக் கிடைப்பவை. அத்தகைய நகரியத்து இளைஞர், இன்று மேலைநாட்டிலிருந்து வந்துள்ள ஒருவகை மேசை விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்; அவர்களுடைய பெற்றோரில் சிலர் அதனைக் கண்டு ஐயுறவும் கூடும். ஆதலின் அதன் வரலாற்றைச் சற்றே சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில், பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பழைய யுத்தங்களை ஆடிப் பார்க்கும் கழகம் ஒன்று இருந்தது. 1969-இல் அக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி, நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய ஊர் ஒன்றை வகுத்து, படைகளுக்குப் பதிலாக அவ்வூரின் மனிதர்களை ஆளுக்கு ஒருவராக நண்பர்களிடம் ஒப்படைத்தார். ஆட்டம் நெறி தவறிக் குழம்பியது; தம் முயற்சி தோற்றதென்றே அவர் கருதினார்; நண்பர்களோ மீண்டும் ஆடவேண்டும் என்று கேட்டார்கள். அந்நண்பர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் அந்த முறையை வளர்க்க, விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரிக்கரை ஊரில் இருந்த கேரி கைகாக்ஸ் விதிகளை வரைய, 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆயிரம் படிகளாக வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒரு வேடம் ஏற்பர். நடுவராக இருப்பவர் கதையை நடத்துவார். ஐயமான செயல்களின் முடிவை இருபது முகப் பகடை சொல்லும். உடுப்பும் ஒப்பனையும் இல்லை; சொல்லே வேடம்.

1980-களில் அந்நாட்டுக் கிறித்தவர் சிலர் இதனைப் பேய் வழிபாடு என்று கண்டித்துப் பெரும் கிளர்ச்சி செய்தனர். இத்தனைக்கும் கைகாக்ஸே ஒரு காலத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சார்ந்திருந்தவர். கண்டித்தவர்களின் கவலையை நான் இழிவாக எண்ணவில்லை. தீயவன் வேடத்தை நாள்தோறும் ஏற்பவன் தீயவனாகி விடானோ என்று அஞ்சுவது, அன்புள்ள உள்ளம் அஞ்சுவதே. ஆனால் அவ்வச்சத்துக்கு விடை காண அவர்களுக்கு வாய்க்காத ஒரு சாஸ்திரம், நெய்வேலியின் அண்டையிலேயே பிறந்திருக்கிறது.

விருத்தாசலத்துக்கு அப்பாலுள்ள பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரும் இதே நடுநாட்டுத் துறையூரைச் சேர்ந்தவரே. இவர்கள் நிறுவிய சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவின் இயல்பைப் பற்றிய ஒரு கருத்து, நம் வினாவுக்கு நேராக விடை தருகிறது: ஆன்மா எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். அருகிலுள்ள நிறத்தை ஏற்றும் தன் தன்மை கெடாத படிகம் போல, உயிரை மறைக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்து மலமாகவும், சிவத்தைச் சார்ந்து சிவமாகவும் அது நிற்கவல்லது. இவ்விடத்தில் ஊன்றிச் சிந்திக்கவேண்டும். வேடம் ஏற்றல் ஆன்மாவுக்குப் புறத்தேயிருந்து வந்த கேடன்று. அதன் சுபாவமே அது. அதிகாரி, தந்தை, தொழிலாளி என்று நாம் கட்டியுள்ளவையும் சார்பினால் வந்த வண்ணங்களே. ஆனால் இவற்றை நாம் கட்டியதை மறந்துவிட்டோம். துச்சாதன வேடக்காரரோ மறக்கவில்லை. மறவாமைக்காகவே கற்பூரம் ஏற்றுகிறார். ஆதலின் தீங்கு வேடத்தில் இல்லை, வேடத்தை வேடமென்று அறியாத மறதியில் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

பகடையைக் குறித்தும் ஒரு சொல். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் நம் வீடுகளில், ஏணி புண்ணியத்தையும் பாம்பு பாபத்தையும் குறிக்கும். ஆயினும் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் வசத்தில் இருக்கின்றன. அங்கே மனிதன் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. மேலைநாட்டு மேசை ஆட்டத்திலோ, எதனைச் செய்வது என்ற சங்கல்பம் ஆடுபவனுடையது, கைகூடுமா என்பதே பகடையினுடையது. முயற்சிக்கும் ஊழுக்கும் உள்ள உறவைக் கற்பிப்பதில் இதுவே மேலானது என்பது என் கருத்து. சங்கல்பம் மனிதனுடையதே; பாரதத்திலும் சூதுக்கு அழைத்தவர் பிறராயினும் ஆட இசைந்தது தருமனே என்று கூத்துப் பார்க்கும் பாமரரும் அறிவர்.

ஒரு குறை மட்டும் எனக்குத் தோன்றுகிறது. கூத்தில் கடவுள் வாழ்த்தோடு வேடம் தொடங்குகிறது, மங்களத்தோடு முடிகிறது. மேசையில் அவ்வாறு புகுவதற்கும் மீள்வதற்கும் வகுத்த முறை இல்லை. நண்பர்கள் நேரமாயிற்றென்று எழுந்துபோகிறார்கள். ஆகவே நகரியத்துப் பெற்றோர்க்கும், சித்தாந்த வகுப்பு நடத்தும் பெரியோர்க்கும் என் வேண்டுகோள் இது: உங்கள் பிள்ளைகள் இவ்விளையாட்டுக்குக் கூடினால் தடுக்காதீர்கள், ஆட்டம் முடிந்தபின் அவர்களோடு சிறிது நேரம் அமருங்கள், இன்று அந்தக் கள்வன் செய்ததில் உனக்கு உவந்தது எது, கூசியது எது என்று கேளுங்கள். வாய்த்தால், வரும் திருவிழாவில் துகிலுரிதல் நடக்கும் இரவுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.