இயலாமையும் மறுப்பும்: நிலுவைக் கடன் எழுப்பும் அறக்கேள்வி

கடன்பட்டவர் திருப்பித் தர வேண்டும் என்பதில் எந்தச் சமய மரபுக்கும் ஐயமில்லை. தர வழியற்றவரிடம் எதைக் கேட்பது நியாயம் என்ற இடத்தில்தான் அறநூல்களுக்குள் நுட்பமான விவாதம் பிறக்கிறது. இங்கிலாந்தில் வாடகையிலும், குடியிருப்பின் மதிப்பை ஒட்டி உள்ளாட்சி மன்றம் விதிக்கும் கவுன்சில் வரியிலும் நிலுவை வைத்த குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படும்போது, அந்தக் கேள்வி ஒரு விசாரணை நாளுக்குள் விடை காண வேண்டியதாகிவிடுகிறது.

1993 முதல் நடைமுறையில் உள்ள கவுன்சில் வரியில் ஒரு தவணை தவறினால் முதலில் நினைவூட்டுக் கடிதம் வரும். அதற்குப் பின்னும் பணம் கட்டாதவர் தவணையில் செலுத்தும் உரிமையை இழந்து, ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதையும் ஒருசேரக் கட்டக் கடமைப்படுகிறார். அடுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 'பொறுப்பு ஆணை' பிறப்பிக்கிறது. அதாவது, இன்னார் இவ்வளவு வரி தர வேண்டியவர் என்று அறுதியிடுகிறது. அந்தக் கட்டத்தில் வரி முறைப்படி விதிக்கப்பட்டதா, செலுத்தப்படாமல் இருக்கிறதா என்பவற்றையே நீதிமன்றம் பார்க்க முடியும். வேலை போனதோ, நோய் வந்ததோ அதன் முடிவை மாற்றாது. ஆணை கிடைத்தபின் உள்ளாட்சி மன்றம் சம்பளத்திலோ அரசு உதவித்தொகையிலோ பிடித்தம் செய்யலாம், அல்லது 'பெய்லிஃப்' எனப்படும் ஜப்தி முகவரை அனுப்பலாம். 2014இல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகள், கோப்பு முகவரிடம் போனவுடன் 75 பவுண்டும், அவர் வீட்டுக்கு வந்தால் மேலும் 235 பவுண்டும் கடனாளியின் தலையில் ஏற்றின. இவையும் பயனளிக்காதபோது உள்ளாட்சி மன்றம் சிறைத்தண்டனை கோரலாம். அதன் உச்ச அளவு மூன்று மாதம். வேல்ஸ் இதை 2019இல் நீக்கிவிட்டது, இங்கிலாந்து நீக்கவில்லை.

கடனாளியின் வரவுசெலவை நீதிமன்றம் கட்டாயமாக விசாரிப்பதும், அவர் வேண்டுமென்றே மறுத்தாரா, குற்றம் என்று சொல்லத்தக்க அலட்சியம் காட்டினாரா, அல்லது உண்மையிலேயே இயலாமல் போனாரா என்று பிரித்தறிவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கடனையே தள்ளுபடி செய்யும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு இங்கேதான் கிடைக்கிறது. முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கும் இந்த வரிசை, அறநோக்கில் தலைகீழானது.

சமய மரபுகள் அந்தக் கேள்வியை முன்னே வைத்தன. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்லி, விட்டுக்கொடுப்பதை அதனினும் மேலான கொடையாக வைக்கிறது. வசதியிருந்தும் காலம் தாழ்த்துபவரையே நபிமொழி அநீதியாளர் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ், உடனே தர இயலாதவருக்கு உடனே தரும் கடமை இல்லை என்றும், ஆனால் அவர் தாமாகவோ பிறர் வழியாகவோ கடன் கொடுத்தவரை அணுகித் தள்ளுபடியோ தவணையோ கேட்க வேண்டும் என்றும் வகுத்தார். விவிலியத்தின் உபாகமம், அடகு வாங்கப் போனவர் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நிற்க வேண்டும் என்கிறது. யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது, கடனாளிக்கு முப்பது நாள் உணவையும் ஓராண்டு உடையையும் படுக்கையையும் தொழிற்கருவிகளையும் ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. கவுன்சில் வரிக்காக முதன்முறை வரும் முகவர் கதவை உடைக்கக் கூடாது என்பதிலும், படுக்கை, அடுப்பு, 1,350 பவுண்டு வரையிலான தொழிற்கருவிகள் ஆகியவற்றை எடுக்கக் கூடாது என்பதிலும் ஆங்கிலச் சட்டம் இதே உணர்வைக் காட்டுவது மதிக்கத்தக்கது.

வாடகை வழக்கில் நிலை சற்று வேறு. உள்ளாட்சி மன்ற வீட்டில் நிலையான உரிமையுடன் குடியிருப்பவரை வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி எடைபோட்டு, நடப்பு வாடகையுடன் நிலுவைக்காக வாரந்தோறும் ஒரு சிறுதொகையும் கட்டிவந்தால் வெளியேற்றம் நிறுத்திவைக்கப்படும் என்று ஆணையிடலாம். நிபந்தனை தவறினால் வீட்டைக் காலிசெய்ய வைக்கும் நடவடிக்கை மீண்டும் தொடங்கலாம் என்பதால், அந்தத் தொகை எவ்வளவு என்பதே குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கிறது. இங்கே கடனாளிக்கும் ஓர் அறப்பொறுப்பு உண்டு: அவமானத்தாலோ அச்சத்தாலோ தாங்க முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்பவர், நல்லெண்ணத்தோடேயே, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடுகிறார். உணவு, மின்சாரம், பிள்ளைகளின் செலவு ஆகியவற்றை ஒளிவுமறைவின்றி எழுதி, வாரம் ஐந்து பவுண்டுதான் முடியும் என்று சொல்வதில் கடனைத் தட்டிக்கழிக்கும் நோக்கம் எதுவும் இல்லை. அதுவே கடனை மதிப்பவர் செய்யக்கூடிய நேர்மையான செயல்.

வாடகைக்கும் வரிக்கும் ஒரே சமயத்தில் ஆணை இருந்தால் கடனட்டைக் கடன்கள் பின்னுக்குப் போக வேண்டும். வங்கி காத்திருக்கலாம், இழந்த வீடு எளிதில் திரும்பாது. ஆயினும் வரியைப் பொறுத்தவரை ஒரு வலுவான மறுப்பு உண்டு. இங்கே கடன் கொடுத்தவர் செல்வர் அல்லர், ஊரே. அந்தப் பணத்தில்தான் முதியோர் பராமரிப்பு நடக்கிறது. தன் பங்கைச் சிரமப்பட்டுக் கட்டும் அண்டைவீட்டாரும் ஏழையாக இருக்கலாம். தனியொருவர் தம் பணத்தை விட்டுக்கொடுப்பது போல ஊர்ப்பணத்தை ஓர் அதிகாரி விட்டுக்கொடுத்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு, வரியைத் தேவையான அளவுக்கு, முழுவதுமாகக்கூட, குறைக்கும் அதிகாரத்தை அந்த ஊரின் பெயராலேயே மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. சம்மன் அனுப்புவதற்கு முன்பே பயன்படுத்தத்தக்க அந்த அதிகாரம் இருக்கும்போது, இயலாமையை விசாரிக்கச் சிறைக்கட்டம் வரை காத்திருக்க எந்தக் கட்டாயமும் இல்லை.