கூரை ஏறினால் வைகுண்டம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மே மாதம் முடியும் தறுவாயில் பஜார் ரோட்டில் நடப்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது நல்லது. மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய பழைய பண்டகசாலைகளின் மேல் ஆட்கள் ஏறி நிற்பார்கள். பாதிக் கூரை ஓடு, மீதி தகர ஷீட். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளிக் கடல். காற்றிலேயே உப்பு இருக்கிறது.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்று நம் ஊர்ப் பழமொழி கேட்கும். கூரை தாழ்ந்த விஷயம், வைகுண்டம் உயர்ந்த விஷயம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் கோயில் கட்டியவர்கள் இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூரைமேல் ஏறுவதே வைகுண்டத்துக்கான வேலையாக இருந்தால்? இறைவன் குடியிருக்கும் வீடு இறைவனுடைய உடம்பே என்றால், அந்த உடம்பு எப்படி ஒழுகும்? ஒழுகினால், அதில் கை வைக்க மனிதனுக்கு என்ன உரிமை?

கேரளக் கோயில் மரபு இந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரிப்பாடு எழுதிய தந்திரசமுச்சயம்தான் அங்கே கோயில் கட்டவும் பூசை நடத்தவும் அடிப்படை நூல். அந்த மரபில் ஸ்ரீகோயில் என்னும் கருவறைக் கட்டடம் ஒரு மேனி. அடித்தளம் பாதம், உச்சியில் நிற்கும் தாழிகைக்குடம் முடி. கைமரங்களின் மேல் பலகை அடித்து, அதன்மேல் செம்புத் தகடு வேய்வார்கள். அந்த மேனி தேயும் என்பதை மரபு மறைப்பதில்லை. பழுது பார்க்கும் காலம் வந்தால் தெய்வ சைதன்யத்தைக் கலசத்துக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் வைத்துப் பூசை நடத்துவார்கள். தச்சரும் கன்னாரும் கூரையைப் பிரித்து வேலையை முடித்த பிறகு தெய்வம் திரும்பி வரும். ஜீர்ணோத்தாரணம் என்று இதற்குப் பெயர். ஜீர்ணம் என்றால் தேய்ந்து பழையதானது. வயிற்றில் சோறு ஜீரணமாகிறது என்று நாம் சொல்வதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். காலம் கூரையைத் தின்கிறது. தெய்வத்தின் கூரை என்று பார்த்து அது விட்டுவைப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்தைக் கணக்காகவே எழுதி வைத்த இடம் சிதம்பரம். சிற்சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள், 72,000 ஆணிகள், 9 கலசங்கள் என்பது மரபு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளின் 1,440 நிமிடத்துக்கு 21,600 மூச்சு வருகிறது. யோக நூல்கள் சொல்லும் நாடிகள் 72,000. ஒரு மூச்சுக்கு ஓர் ஓடு, ஒரு நாடிக்கு ஓர் ஆணி. இதை அழகான உருவகம் என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. ஆணி நாடி என்றால், கழன்ற ஆணி உடம்பில் ஒரு நோய். மூச்சைக் கவனிப்பவன் ஆணியையும் கவனித்தாக வேண்டும். தில்லைக்குப் பொன் வேய்ந்த பெருமையைச் சோழச் செப்பேடுகள் முதலாம் பராந்தகனுக்குத் தருகின்றன. பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்த ஆணிகளை முடுக்கியவர்களுக்குச் செப்பேடு கிடையாது.

பொன்னும் மழையை ஏமாற்ற முடியாது. சபரிமலை ஸ்ரீகோயிலின் கூரைக்கு 1998ல் பொற்கவசம் போட்டார்கள். 30 கிலோவுக்கு மேல் பொன், 1,900 கிலோ செம்பு. 2022ல் அந்தக் கூரை ஒழுகியது. பிரித்துப் பார்த்தபோது பழுது பொன்னில் இல்லை; தகடுகளைப் பிடித்திருந்த ஆணிகளின் வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. ஆணிகளை மாற்றித் துளைகளை அடைத்தார்கள்.

இதில் வியப்பில்லை. செம்பு வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். மூன்று மீட்டர்ச் செம்புத் தகடு 40 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டர் நீள்கிறது. அசைய இடமில்லாமல் இறுக்கி அறைந்த தகடு ஒவ்வொரு நாளும் ஆணித் துளையை மயிரிழை மயிரிழையாக அகலமாக்குகிறது. செம்போடு இரும்பு ஆணியைச் சேர்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் பட்டதும் செம்பு தப்பித்துக்கொள்ளும், இரும்பு கரையும். செம்புக் கூரைக்குச் செம்பு ஆணியோ பித்தளை ஆணியோ பொருந்தும், இரும்பு ஆணி பொருந்தாது என்பது இதனால்தான். செம்பின் மேல் படரும் பச்சைக் களிம்பைக் கண்டு பலர் பதறுகிறார்கள். சுரண்டிப் பளபளப்பாக்குகிறார்கள். அது தவறு. அந்தப் பச்சைதான் அடியிலிருக்கும் செம்பைக் காக்கிறது.

பண்டகசாலைகளின் தகர ஷீட்டுக்குப் புராணம் ஏதும் இல்லை. ஆனால் அதற்குள்ளும் ஒரு வேள்வி நடக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியிருக்கும். பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை அது தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். பொறியியல் நூல்கள் இதற்குப் பலி, தியாகம் என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன. பொறியாளர்கள் வேறு சொல் தேடாமல் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது மனத்தைத் தொடுகிறது. அந்தத் தியாகத்துக்கும் ஆயுள் உண்டு. நடுத்தரமான சூழலில் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு மைக்ரான் போகும். உப்பு மிகுந்த கடலோரத்தில் நான்கிலிருந்து எட்டு மைக்ரான்வரை போய்விடும். வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் கரைகிறது என்று பொருள். செந்துரு தெரிந்தால் கொடுப்பதற்கு அதனிடம் இனி ஒன்றும் இல்லை.

மட்டாஞ்சேரி அரண்மனையின் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் 1568ல் எழுந்த பரதேசி யூத ஆலயத்துக்கும் இடையே இருப்பது ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால், கூரை ஒழுகக் கூடாது என்பதற்கு நேர் எதிரான ஒரு கட்டளை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சுக்கோத் திருவிழாவில் யூதர்கள் வீட்டுக்கு வெளியே குடில் கட்டி அதில் உண்ண வேண்டும். குடிலின் கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட பொருளாக இருக்க வேண்டும். உலோகம் கூடாது. வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனாலும் இடுக்கு வழியே விண்மீன் தெரிவது நல்லது. கொச்சி யூதர்கள் தென்னோலையால் வேய்ந்தார்கள். விழா வருவது செப்டம்பர், அக்டோபரில். கேரளத்தில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இடியோடு நெருங்கும் நேரம். மழை வந்து கூழ் கெடும் நிலை வந்தால் குடிலை விட்டு வீட்டுக்குள் போகலாம் என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அனுமதி தருகிறது. பாலைவனத்தில் வீடில்லாமல் அலைந்த முன்னோரை நினைப்பதற்கு ஒழுகும் கூரையே வேண்டியிருந்தது.

அப்படியானால் எது சரி? பொன் வேய்ந்து காலத்தோடு மல்லுக்கு நிற்பதா, ஓலை வேய்ந்து காலத்துக்கு வழிவிடுவதா? சிற்சபையை மறுபடி பார்த்தால் இந்த எதிர்நிலை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. பொன்னால் வேய்ந்திருந்தாலும் அதன் வடிவம் ஓலைக் குடிலின் வடிவம்தான். உலகத்துப் பொன்னையெல்லாம் கொண்டுவந்தவர்கள் குடிலின் சாயலை மாற்றத் துணியவில்லை. ஓலையோ பொன்னோ, இரண்டும் மனிதனை மறுபடி மறுபடி கூரையடிக்கு அழைக்கின்றன. ஓலை ஆண்டுதோறும் அழைக்கிறது. பொன் அழைப்பதற்கு நாளாகும். அதற்குள் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

இந்த மறதிக்கு மருந்து, மட்டாஞ்சேரியிலேயே நடந்து போகும் தூரத்தில் குஜராத்தி ரோட்டில் இருக்கிறது. அங்கே 1904ல் கட்டிய தர்மநாதர் சமணக் கோயில் நிற்கிறது. சுவேதாம்பரத் துறவிகளின் நாள்முறையில் பிரதிலேகனம் என்று ஒரு கடமை உண்டு. உடுத்தும் துணி, பிச்சைப் பாத்திரம், படுக்கும் விரிப்பு எல்லாவற்றையும் காலையும் மாலையும் மடிப்பு மடிப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். சிற்றுயிர் ஏதும் சிக்கி நசுங்கிவிடக் கூடாதே என்பதற்காக. பார்ப்பது அங்கே தவத்துக்குத் துணைவேலை அல்ல, தவமே அதுதான். சந்தேகம் வந்தால் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. பார்க்கும் நேரம் வந்தால் பார்த்தாக வேண்டும்.

கோயில் நிர்வாகங்களில் பொன் காணிக்கைக்கு விழா எடுக்கிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்த பின் ஒருமுறை கூரை பார்ப்பதற்கும் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் குறித்தால் என்ன? தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பில் சருகும் உப்புத் தூசும் தங்கியிருக்கிறதா, ஆணி மேலெழும்பியிருக்கிறதா, ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறதா, தண்ணீர் இறங்கும் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க அரைநாள் போதும். செந்துரு பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் பூசினால் தகடு இன்னும் பல மழைகளைத் தாங்கும். கருவறைக்குள் பூசை செய்யும் கைக்கு இருக்கும் மரியாதை இந்தக் கைக்கும் வேண்டும்.

பண்டகசாலைக்காரர்கள் இந்த வேலையை மேலே ஏறித் தொடங்குவதில்லை. உச்சிவெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையில் விண்மீன்களைப் போல வெளிச்சப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். ஓலைக் குடிலில் அவை இருந்தாக வேண்டும். இங்கே இருக்கக் கூடாது. ஒருவர் அண்ணாந்தபடி எண்ணிச் சொல்ல, மற்றவர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுகிறார்.