பழுதும் தீர்ப்பும்: ஓர் அறவியல் நோக்கு

இயங்க மறுக்கும் பொருளொன்றைக் காட்டி 'இது செத்துவிட்டது' என்று கூறுவது எமது அன்றாட வழக்காகும். வெறும் பேச்சு வழக்காகத் தோன்றினும் அதனுள் ஒரு தீர்ப்பு மறைந்துள்ளது. அத்தீர்ப்பை எவ்வளவு ஆராய்ந்தபின் வழங்குகின்றோம் என்பது அறவியலோடு தொடர்புடைய வினாவாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தது. அக்காலத்தில் ஒருநாட் காலை எனது பழைய மடிகணினி இயங்க மறுத்தது. அதன் சிறு விளக்குக்கூட ஒளிரவில்லை. ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்கள் அதனுள்ளேயே இருந்தன. பெரிய விற்பனை நிலையமொன்றில் அதனைத் திறந்தும் பாராமல், 'மதர்போட் போய்விட்டது, புதிதொன்று வாங்குங்கள்' என்றனர். ஒழுங்கையொன்றில் சிறு கடை வைத்திருந்த திருத்துநரோ, 'பொறுங்கோ தம்பி, முதலிலை பாப்பம்' என்றார்.

அவர் மின்னிணைப்பையும் பற்றரியையும் அகற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். மடிகணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கலை ஆளும் சிறு சில்லொன்று விழித்தேயிருக்கும். சிலவேளை அது தவறான நிலையொன்றில் சிக்கிவிடும். எஞ்சிய மின்னேற்றம் முற்றாக வடிந்ததும் அது புதிதாகத் தொடங்கும். பின்னர் பற்றரியின்றி மின்னிணைப்பை மாத்திரம் கொடுத்தார். விளக்கு ஒளிர்ந்தது; திரை இருண்டே கிடந்தது. நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்து மீளப் பொருத்தினார். திரையும் ஒளிபெற்றது. பழுதுற்றிருந்தது பற்றரி மாத்திரமே.

பொருள் ஒன்று, தீர்ப்புகள் இரண்டு. இவ்வேறுபாட்டை அறிவின் அளவால் மட்டும் விளக்கிவிட முடியாது. திருத்துநருக்கும் முதலில் காரணம் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக அவர் கூறவில்லை. பழுது என்பது பொருளின் நிலை; 'பயனற்றது' என்பதோ நாம் வழங்கும் தீர்ப்பு. முன்னதை ஆராயாது பின்னதைக் கூறுவது அறியாமை மட்டுமன்று, பொறுப்பின்மையுமாகும்.

திருத்திப் பயன்படுத்தல் வறுமையின் அறம். வசதி வந்ததும் அதற்குத் தேவையில்லை என்று சிலர் வாதிடலாம். இவ்வாதம், எறியப்பட்ட பொருள் மறைந்துவிடுகின்றது என்ற மயக்கத்தின்மேல் நிற்கின்றது. 2022இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவு உருவாகியது, அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள அக்பொக்புளோசியில், 2021இல் அக்கழிவுத்திடல் அகற்றப்படும்வரை, செப்புக்காக மின்வடங்களை எரித்து நச்சுப்புகையைச் சுவாசித்த இளைஞர்கள் பலர். ஒருவரின் அவசரத் தீர்ப்புக்கு இன்னொருவரின் நுரையீரல் விலை கொடுக்கின்றது. செல்வம்மிக்க ஐரோப்பிய ஒன்றியமே 2024இல், குறிப்பிட்ட சில பொருள்களைத் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மீது சட்டத்தால் சுமத்தியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எல்லாவற்றையும் உயிர்ப்பித்தே ஆகவேண்டும் என்பது இதன் பொருளன்று. வீங்கிய இலிதியம் பற்றரி தீப்பற்றக் கூடியது. அதனைக் கைவிடுவதே அறிவுடைமை. எரிந்துபோன பலகையை நோக்கி 'இனி முடியாது' என்று கூறுவதும் நேர்மையே. ஆனால் அச்சொல் ஆராய்ச்சியின் முடிவில் வரவேண்டுமேயன்றி, அதன் இடத்தில் வந்து அமர்ந்துவிடலாகாது.

சடப்பொருளைத் திறந்து பாராமலே தீர்ப்பளிக்கப் பழகிய சமூகம், மனிதரிடமும் அவ்வாறே நடந்துகொள்ளும். ஒரு பரீட்சையில் தவறிய மாணவனை 'உதவான்' என ஒதுக்கிவிடும் எமது வழக்கம் இதற்குச் சான்று. 'முதலில் பார்ப்போம்' என்ற அத்திருத்துநரின் சொல், பல்கலைக்கழகத்தாராகிய நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகும்.