சந்தைக்குச் செல்லும் சொல்

 

புதுச்சேரி நேரு வீதியிலுள்ள குபேர் அங்காடி, ஜனங்கள் வாயில் பெரிய மார்க்கெட்தான். மீன், காய்கறி, பூ என்று சரக்கு வைத்திருப்பவர் ஜனங்கள் கூடுகிற அந்த இடத்தைத் தேடி வருகிறார். வீட்டிலேயே பூட்டி வைத்தால் சரக்கு அழுகிப் போகுமல்லவா?

இன்று நம் வாலிபர்கள் பலர் மார்க்க விஷயங்களை நல்ல தமிழில் எழுதுகிறார்கள். எழுதியதை மஹல்லா குழு, வியாபாரிகள் குழு, உறவினர் குழு என்று கைபேசியிலுள்ள வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் போடுகிறார்கள். "இது கூடுமா? பெருமையாகாதா?" என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்.

கூடும். நல்ல சொல்லை ஜனங்கள் இருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி. உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் சந்தைகளில் அரபுக் கோத்திரங்கள் கூடும்போது, அண்ணலார் ஒவ்வொரு கூடாரமாகச் சென்று தீனை எடுத்துச் சொன்னார்கள். பின்னாலேயே அபூலஹப் வந்து, கேட்காதீர்கள் என்று தடுத்தான். பலர் முகம் திருப்பினர். ஆனால் கி.பி. 620-ல், ஹஜ்ஜுடைய காலத்தில், அகபாவில் யத்ரிபைச் சேர்ந்த ஆறு பேர் செவி கொடுத்தார்கள். மறு ஆண்டு பன்னிரண்டு பேர் வந்தார்கள். 622-ல் 73 ஆண்களும் 2 பெண்களும் பைஅத் செய்தார்கள். அத்தனை பெரிய சந்தைகள் தராததை, அந்த ஆறு உள்ளங்கள் தந்தன! எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணி மனம் சோர்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எனினும், சந்தைக்குப் போவதற்கும் அதபு உண்டு.

ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் கடைவீதிக்குச் செல்வார்கள். ஒன்றும் வாங்க மாட்டார்கள், விலையும் கேட்க மாட்டார்கள். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லவே அங்கு சென்றார்கள். நாமோ குழுவில் யாருக்கும் ஸலாம் சொல்வதில்லை, நோயாளியை விசாரிப்பதில்லை, நம் கட்டுரையை மட்டும் போட்டுவிட்டு மறைந்து விடுகிறோம். பிறர் கடை வாசலில் கேட்காமல் கூடையை இறக்குவது போலல்லவா இது? குழுவை நடத்துபவரிடம் அனுமதி பெறுவதும், மற்றவர் எழுதுவதை நாம் வாசிப்பதும் முதல் கடமை.

ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யும்படி கேட்டபோது, ஜனங்கள் சலித்துவிடுவார்களே என்று அஞ்சி மறுத்தார்கள். காலையில் மூன்று, மாலையில் நான்கு என்று அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். கேட்டதையெல்லாம் விசாரிக்காமல் பரப்புவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற நபிமொழிக் கருத்தையும் மறக்கலாகாது. அழுகிய சரக்கை விற்பவன் வாங்கியவன் வயிற்றைக் கெடுக்கிறான். பொய்யான ஹதீஸை அனுப்புகிறவன் ஈமானையல்லவா கெடுக்கிறான்!

எல்லாவற்றுக்கும் மேலானது நிய்யத். கியாமத்தில் முதலில் தீர்ப்பளிக்கப்படுகிறவர்களில், ஆலிம் என்று பேரெடுக்கவே இல்மைக் கற்றவனும் ஒருவன் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விரும்பிய பேர் உலகிலேயே கிடைத்துவிட்டது. அவன் நரகத்திற்கு இழுத்துச் செல்லப்படுகிறான். அல்லாஹ் காப்பானாக! இதைக் கேட்டு எழுதுகோல் பிடிக்கும் எவருக்கும் நெஞ்சு நடுங்க வேண்டும்.

நம் உள்ளத்தைச் சோதிக்க ஒரு தராசு உண்டு. நாம் எழுதியதை ஒருவர் நம் பெயரின்றி அனுப்பி, அதனால் ஒரு வீட்டில் தொழுகை நிலைபெற்றால் நாம் மகிழ்வோமா, வருந்துவோமா? மகிழ்ந்தால் சந்தைக்குச் செல்வோம். வருந்தினால், முதலில் முஸல்லாவுக்குச் செல்வோம். நிய்யத்தைச் சரிசெய்த பின் எழுதுவோம்.

அல்லாஹு தஆலா நம் எழுத்திலும் சொல்லிலும் இக்லாஸைத் தந்தருள்வானாக! ஆமீன்.