ஜாமீன் யார்?

ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் எனக்கு நானே ஒரு சத்தியம் செய்துகொள்வேன். 'இந்த வருஷம் அப்பாவின் மளிகைக் கடையைப் பற்றிய அந்த நாவலை முடிச்சே தீரணும்!' பொங்கலுக்குள் சத்தியம் புளித்துவிடும்.

காரணத்தை நான் படித்த பி.காம். சொல்லும். கடன் கொடுத்தவனும் நானே, வாங்கியவனும் நானே. எப்போது வேண்டுமானாலும் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கேட்க ஆளேது?

சரி, அடுத்தவருக்கு வாக்குக் கொடுத்தால்?

தஸ்தயேவ்ஸ்கி கொடுத்தார். 1865-ல் கடன் கழுத்தை நெரிக்க, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் பைசா தராமல் பதிப்பாளர் அச்சிட்டுக்கொள்ளலாம். கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டான்!

அவ்வளவு பயம் இருந்துமா எழுதவில்லை? 'குற்றமும் தண்டனையும்' எழுதிக்கொண்டிருந்தார். இந்த நாவல் அக்டோபர் வரை அப்படியே கிடந்தது. 'ஆளுக்குக் கொஞ்சம் நாங்க எழுதித் தர்றோம்' என்றார்கள் நண்பர்கள். அடுத்தவர் எழுத்துக்குக் கீழே தன் பெயரா? மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் சுருக்கெழுத்து படித்த இருபது வயது அன்னா, சம்பளத்துக்கு வேலைக்கு வந்தாள். அவர் சொல்லச் சொல்ல எடுத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய் விரித்து எழுதி, மறுநாள் கொண்டு வருவாள். 26 நாளில் 'சூதாடி' தயார். கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை! போலீஸில் ஒப்படைத்து ரசீது வாங்கினார் மனுஷன். (அடுத்த வருஷம் அன்னாவையே கல்யாணம் செய்துகொண்டது தனிக் கதை.)

ஒப்பந்தத்தின் மிரட்டலால் ஒரு வருஷமாக முடியாததை, தினமும் எதிரே வந்து உட்கார்ந்து காத்திருந்த ஒரு பெண் நடத்திவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தைரியத்தில் நானும் ஓர் ஆளைப் பிடித்தேன். "ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. கடையில் அப்பா பொட்டலம் மடிக்கும் இடம் வந்தபோது அம்மா திருத்தம்கூடச் சொன்னாள்.

ஆனால், ஓர் உறுத்தல். அன்னாவுக்குச் சம்பளம் உண்டு. அம்மாவுக்கு? என் சோம்பேறித்தனத்துக்கு அவளை ஜாமீன் வைப்பது எந்த ஊர் நியாயம்?

போன ஞாயிறு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மா டி.வி.யை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அதனால என்னப்பா... அடுத்த வாரம் படி" என்று எழுந்து போனாள்.

டி.வி.யை மறுபடி போடவில்லை.