உள்ளம் நோயுறும்போது

சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குவோரை நாம் ஏளனம் செய்வதில்லை. ஆனால் வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, பெற்ற பிள்ளையின் மழலையும் செவியில் ஏறாமல் முடங்கிக் கிடக்கும் பெண்ணிடம், "ஈமானில் குறை, தொழுகையில் பேணுதல் இல்லை" என்கிறோம். அவளும் அதை நம்பிவிடுகிறாள். தன்னைத் தானே பழித்துக்கொள்வது அந்நோயின் குறிகளுள் ஒன்று. அதை அறியாமல் நாமும் அதற்குத் தீனி போடுகிறோம்.

மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. அவர்களுடைய ஈமானை அளக்க நாம் யார்?

கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துயர் ஒன்று, காரணம் தெரியாமல் கவியும் துயர் மற்றொன்று எனப் பிரித்தார். பின்னதற்கு உடலில் வேர் உண்டென்று கருதி, உடலுக்கும் மருத்துவம் சொன்னார். அந்தத் தெளிவை நாம் எங்கே தொலைத்தோம்? 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில், காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினர். மாண்டோர் 28 பேர்.

துஆ கேட்போம், மனநல மருத்துவரையும் நாடுவோம். மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது. அவளுடன் மருத்துவமனை வரை நடந்துசெல்ல வீட்டில் ஒருவரேனும் வேண்டும். அண்டை வீட்டார் எங்கே என்று கேட்டால், காய்ச்சலுக்குச் சொல்லும் அதே குரலில் சொல்லலாம்: "டாக்டரிடம் போகிறோம்."